வளவு வீட்டுப் பங்கும் ஆன்லைன் சொத்து அறிக்கையும்

கேள்வி: மத்திய அரசுத் துறை ஒன்றில் குரூப் பி அதிகாரியாகச் சேர்ந்திருக்கிறேன். ஜனவரிக்குள் அசையாச் சொத்து விவரத்தை ஆன்லைனில் தாக்கல் செய்யச் சொல்கிறார்கள். சொந்த ஊர் காரைக்குடிப் பக்கம். பாட்டையா (கொள்ளுத் தாத்தா) கட்டிய வீடு, பங்காளிகள் நிறையப் பேர், இன்றுவரை பாகம் பிரிக்கவில்லை. “பொண்ணுக்கு வீட்டுல ஏது பங்கு? நில்லுன்னு போட்டுரு” என்கிறார்கள் அப்பச்சி (அப்பா). போடலாமா? கல்யாணத்துக்கு வந்த நகை, வெள்ளிச் சாமான் எல்லாம் எழுத வேண்டுமா? இதையெல்லாம் யார் பார்ப்பார்கள்?

பதில்:

‘நில்’ (சொத்து ஏதும் இல்லை) என்று போடாதீர்கள், தங்கச்சி. மற்றதையெல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம், இதை மட்டும் முதலில் மனதில் வையுங்கள். இந்த அறிக்கையில் சொத்து இருப்பது குற்றமே இல்லை. ஒரு வருஷம் ‘இல்லை’ என்று எழுதிவிட்டு, பத்து வருஷம் கழித்துப் பாகம் பிரிந்ததும் ‘இருக்கிறது’ என்று எழுதுவதில்தான் வம்பே இருக்கிறது.

காகிதக் காலத்தில் இந்தப் படிவம் கோப்பில் போய்ப் படுத்துவிடும். போன வருஷம் என்ன எழுதினோம் என்று எழுதியவருக்கும் நினைவிருக்காது, வாங்கி வைத்தவருக்கும் இருக்காது. ஆன்லைனுக்கு வந்த பிறகு பெரிதாக மாறியது அதுதான். ஒவ்வொரு வருஷத்துத் தாக்கலும் தேதியோடு, உங்கள் மின் கையொப்பத்தோடு ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கிறது. நம்மூர்க்காரர்களுக்கு இது புதிதில்லை. பர்மாவுக்கும் பினாங்குக்கும் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் பார்க்கப் போன ஆட்கள் ஊருக்கு அனுப்பிய கணக்கில், போன ஐந்தொகையின் (இருப்புக் கணக்கின்) கடைசி வரி இந்த ஐந்தொகையின் முதல் வரியோடு ஒட்டாவிட்டால் முதலாளி விட்டிருப்பாரா? இங்கேயும் கேட்கப்படுவது அந்த ஒட்டுதல்தான்.

உங்களுக்குப் பொருந்துவது 1964ஆம் ஆண்டின் மத்தியக் குடிமைப் பணிகள் நடத்தை விதிகள். அதில் 18ஆம் விதி. ஐஏஎஸ், ஐபிஎஸ் அதிகாரிகளுக்கு 1968இன் அகில இந்தியப் பணிகள் நடத்தை விதிகளில் 16ஆம் விதி. தமிழக அரசு ஊழியர் என்றால் 1973இன் விதிகள், படிவமும் வேறு. பக்கத்து வீட்டு வாத்தியார் சொல்வதைக் கேட்டு உங்கள் படிவத்தை நிரப்பக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

18ஆம் விதியில் இரண்டு வேறு அறிக்கைகள் இருக்கின்றன. பலரும் குழப்பிக்கொள்வது இங்கேதான். ஒன்று, பணியில் சேரும்போது ஒரே ஒரு முறை கொடுப்பது. அதில் அசையாச் சொத்து, பங்குகள், வங்கி இருப்பு, நகை போன்ற அசையும் சொத்து, கடன் எல்லாம் வரும். இன்னொன்று, குரூப் ஏ, குரூப் பி அதிகாரிகள் ஆண்டுதோறும் கொடுப்பது. அதில் அசையாச் சொத்து மட்டும்தான். டிசம்பர் 31 அன்று இருந்த நிலையை அடுத்த ஜனவரி 31க்குள் தாக்கல் செய்ய வேண்டும். இப்போது உங்களிடம் கேட்பது இரண்டாவது.

முதலாவதை, சேர்ந்த அன்று நீட்டிய காகிதக் கட்டோடு சேர்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பீர்கள். அதில் வீட்டைப் பற்றி என்ன எழுதினீர்கள் என்று நிர்வாகப் பிரிவில் கேட்டு ஒரு நகல் வாங்கிப் பாருங்கள். அங்கே ‘இல்லை’ என்று இருந்தால், இந்த ஆண்டு அறிக்கையோடு ஒரு கடிதமும் கொடுங்கள்: “பிரிபடாத பூர்வீகச் சொத்தில் உள்ள என் பங்கு முதல் அறிக்கையில் விடுபட்டது, இப்போது சேர்க்கிறேன்.” பணியில் சேர்ந்த புதிதில் இப்படித் திருத்துவதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

அடுத்தது அப்பச்சி சொல்வது. அவர்கள் பொய் சொல்லவில்லை, வேறொரு கணக்கைச் சொல்கிறார்கள். நம் நகரத்தார் கோயில் கணக்கில் கல்யாணமான ஆண் பிள்ளைதான் புள்ளி, அதாவது கணக்கில் ஏறும் குடும்பம். பெண் கட்டிக்கொடுத்த இடத்துப் புள்ளியோடு போய்விடுவாள். பெண்ணுக்கு உரியதைச் சீராகச் செய்துவிட்டோம், வீடு பையன்களுக்கு என்பது வழக்கம். ஆனால் அரசாங்கப் படிவம் கேட்பது சட்டப்படி உங்களுக்கு என்ன உரிமை என்பதை.

சட்டம் மூன்று படியாக வந்தது. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல், அன்றைக்குக் கல்யாணமாகாத பெண்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனைப் போலவே பிறப்புரிமை கிடைத்தது. 2005 செப்டம்பர் 9இல் மத்தியத் திருத்தம் வந்து, கல்யாணமான பெண்களுக்கும் அது பொருந்தியது. திருத்தம் வந்த அன்று தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற சிக்கலை 2020 ஆகஸ்ட் 11இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது: வேண்டியதில்லை, உரிமை பிறப்பால் வருகிறது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே முறையாகப் பாகம் பிரித்திருந்தால் மட்டும் அதைக் கலைக்க முடியாது. உங்கள் வீட்டில் பிரிக்கவே இல்லை என்கிறீர்கள்.

ஆனால் ஒரு முடிச்சு இருக்கிறது. கூட்டுக் குடும்பச் சொத்து என்று நாம் சொல்வதெல்லாம் சட்டத்தின் கண்ணில் அப்படி இல்லை. பாட்டையா சொந்தச் சம்பாத்தியத்தில் வீடு கட்டி, 1956இன் இந்து வாரிசுரிமைச் சட்டம் வருவதற்கு முன்பே தவறியிருந்தால், அது மகன்கள் கைக்குப் பூர்வீகச் சொத்தாக வந்திருக்கும். உங்களுக்குப் பிறப்புரிமை உண்டு. அவர் 1956க்குப் பிறகு, உயில் எழுதாமல் தவறியிருந்தால், மகன்களுக்கு வந்தது அவரவர் தனிச் சொத்து. அந்த வழியில் அப்பச்சிக்கு வந்த பங்கில் அப்பச்சி இருக்கும்வரை உங்களுக்கு உரிமை எதுவும் இல்லை, எழுதவும் வேண்டாம். அப்பச்சி உங்களை முழுக்கச் சார்ந்து இருந்தால்தான் அவர்கள் பெயரில் உள்ளது உங்கள் அறிக்கையில் வரும். ஆகவே முதலில் தேடிப் பிடிக்க வேண்டியது பாட்டையா தவறிய வருஷத்தை. நம் வீடுகளில் இது சுலபம், முன்னோருக்குச் செய்யும் வருஷாந்திரப் படைப்புக்கு யாராவது எழுதி வைத்திருப்பார்கள். உயில், பழைய பாகப் பத்திரம் ஏதாவது இருக்கிறதா என்றும் கேளுங்கள். அதையெல்லாம் எடுத்துக்கொண்டு ஊரில் ஒரு சிவில் வக்கீலைப் பார்ப்பது நல்லது. செட்டிநாட்டு வீட்டுப் பாகம் பார்த்துப் பழகியவராக இருக்கட்டும்.

பிறப்புரிமை உண்டு என்று வைத்துக்கொண்டு ஆன்லைன் படிவத்துக்கு வருவோம். வார்ப்பு பழையதுதான், காகிதப் படிவத்தின் அதே பத்திகள்.

முதல் பத்தி: மாவட்டம், வட்டம், கிராமம். பழைய பத்திரத்தில் ‘இராமநாதபுரம் ஜில்லா திருப்பத்தூர் தாலுகா’ என்று இருக்கும். சிவகங்கை மாவட்டம் பிரிந்தது 1985இல்தான். திருமயம் பக்கத்து ஊராக இருந்தால் பத்திரத்தில் புதுக்கோட்டை சமஸ்தானமே வந்து நிற்கும், அது இந்தியாவோடு இணைந்தது 1948இல். நீங்கள் இன்றைய மாவட்டம், இன்றைய வட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். பழைய பெயரைக் குறிப்புப் பத்தியில் ஒரு வரியாகப் போடுங்கள். பின்னால் யாராவது பத்திரத்தை ஒப்பிட்டால் இரண்டு சொத்து என்று நினைத்துவிடக் கூடாது.

யார் பெயரில் இருக்கிறது என்ற பத்தி. தமிழக அரசின் இணையதளத்தில் பட்டா எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் நத்தம் (ஊர்க் குடியிருப்பு நிலம்) பட்டாவாக இருக்கும், நகருக்குள் என்றால் டவுன் சர்வே பதிவேடு. அதில் இன்னும் பாட்டையா பெயர்தான், பெயருக்கு முன்னால் மூன்று நான்கு முதலெழுத்து சேர்ந்த குடும்ப விலாசத்தோடு இருக்கும். அந்தப் பெயரை அப்படியே எழுதி, உறவு என்ற இடத்தில் ‘தந்தை வழிக் கொள்ளுத் தாத்தா, காலமானவர்’ என்று போடுங்கள். பட்டா மாற்றிய பிறகு எழுதலாம் என்று காத்திருக்க வேண்டாம். இத்தனை பங்காளிகளை ஒரே நாளில் தாசில்தார் ஆபீஸுக்குக் கூட்டிவருவது எப்படி என்று உங்களுக்கே தெரியும்.

எப்படிக் கிடைத்தது என்ற கேள்விக்கு, ‘வாரிசு வழி’. அதோடு குறிப்பில், “பிரிபடாத கூட்டுக் குடும்பச் சொத்து. என் பங்கின் அளவு இதுவரை வரையறுக்கப்படவில்லை.” பின்னத்தை நீங்களாகக் கணக்குப் போட்டு எழுதாதீர்கள். மூன்று கிளை, அதில் இரண்டு மகன், அதில் அப்பச்சியும் தம்பியும் நானும் என்று பதினெட்டில் ஒன்று எனத் தோன்றும். ஆனால் அத்தைமார் இருந்தால் மாறும், ஐயா (தாத்தா) எந்த வருஷம் தவறினார்கள் என்பதைப் பொறுத்தும் மாறும். அறிக்கையில் ஒரு பின்னம், நாளைக்குப் பாகப் பத்திரத்தில் வேறொரு பின்னம் என்றால் விளக்கம் எழுதிக்கொண்டிருக்க வேண்டும்.

மதிப்பு. இங்கேதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல், இத்தாலிப் பளிங்கு பதித்த வீட்டுக்கு என்ன விலை சொல்வது? துல்லியமாக மதிப்பிட முடியாதபோது இன்றைய நிலவரத்துக்கு ஏற்ற தோராய மதிப்பு போதும் என்று படிவத்தின் அடிக்குறிப்பே சொல்கிறது. பதிவுத் துறையின் வழிகாட்டி மதிப்பை இடத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். கட்டடத்துக்கு ஒரு தோராயத் தொகை போடுங்கள். ‘வழிகாட்டி மதிப்பின்படி, முழு வீட்டுக்கும்’ என்று அடிப்படையை எழுதிவிடுங்கள். அடுத்தடுத்த வருஷங்களிலும் அதே அடிப்படையில் போங்கள். போன வருஷம் வழிகாட்டி மதிப்பு, இந்த வருஷம் புரோக்கர் சொன்ன விலை என்று மாற்றினால், எதுவுமே வாங்காமல் சொத்து திடீரென்று ஏறியதாகத் தெரியும்.

ஆண்டு வருமானம் என்ற பத்தியைப் பெரும்பாலோர் யோசிக்காமல் பூஜ்யம் போடுவார்கள். பூட்டிக் கிடக்கிற வீடு என்றால் சரி. ஆனால் சினிமா ஷூட்டிங்குக்கு விட்டிருக்கிறீர்களா? ஹோட்டல்காரர்களுக்குக் குத்தகைக்குக் கொடுத்திருக்கிறீர்களா? அந்தப் பணம் வீட்டுப் பொதுக் கணக்கில் சேர்ந்து, ஓடு மாற்றவும் வரி கட்டவும் செலவாகியிருந்தாலும் வருமானம் வருமானம்தான். ‘பொதுக் கணக்கில் வரவு, பராமரிப்புக்குச் செலவு’ என்று ஒரு குறிப்போடு எழுதுங்கள்.

நம் வட்டாரத்துக்கே உரிய இன்னொரு சங்கதி. வீட்டைப் பிரிக்கிறார்கள் என்றால் சில இடங்களில் நிஜமாகவே பிரித்துவிடுகிறார்கள். நிலை, கதவு, தூண், உத்தரம் எல்லாம் காரைக்குடிப் பழம்பொருள் கடைக்குப் போய்விடுகிறது. சுவரோடு இருக்கும்வரை தூண் அசையாச் சொத்து. பெயர்த்து வண்டியில் ஏற்றிய பிறகு அது அசையும் சொத்து. அதை விற்றதில் உங்கள் பங்காக வந்தது உங்கள் இரண்டு மாத அடிப்படைச் சம்பளத்துக்கு மேல் என்றால், ஒரு மாதத்துக்குள் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். வீட்டையோ உங்கள் பங்கையோ விற்பதாக இருந்தால் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். அலுவலகத் தொடர்புள்ள ஆள் வாங்குகிறார் என்றால் தெரிவிப்பது போதாது, முன் அனுமதியே வேண்டும். பங்காளிகள் கூடி ஒரு சனிக்கிழமை விலை பேசி முடித்துவிட்டு உங்களுக்குப் போனில் சொல்வார்கள். அவர்களுக்கு இந்த விதி தெரியாது. நீங்கள்தான் முன்னாடியே சொல்லி வைக்க வேண்டும்.

நகைக்கும் சாமானுக்கும் வருகிறேன். இந்த ஜனவரி அறிக்கையில் அவை வராது. முதல் அறிக்கையில்தான் வரும். அதிலும் துணிமணி, பாத்திரம், புத்தகம் போன்ற அன்றாடப் புழக்கப் பொருள்கள் வேண்டாம் என்று விதியே விலக்கியிருக்கிறது. ஆகவே வீட்டின் இரண்டாம் கட்டில் அடுக்கி வைத்திருக்கிற பித்தளை அண்டாவையும் எனாமல் தூக்கையும் எண்ணி எழுத வேண்டியதில்லை. வெள்ளிச் சாமானும் வைரமும் கழுத்துருவும் (கல்யாணத்தில் பூட்டும் தங்கத் தாலி) அப்படி இல்லை, அவற்றுக்கு மதிப்பு போட்டே ஆகவேண்டும். சின்னச் சின்ன உருப்படிகளை ஒரே தொகையாகக் காட்டலாம்.

பணியில் சேர்ந்த பிறகு கல்யாணம் நடந்திருந்தால் 13ஆம் விதியையும் பாருங்கள். கல்யாணம் போன்ற விசேஷங்களில் நெருங்கிய உறவினர் தரும் பரிசு வாங்கலாம், ஆனால் குரூப் பி அதிகாரிக்கு ஒரு பரிசின் மதிப்பு 15,000 ரூபாயைத் தாண்டினால் தெரிவிக்க வேண்டும். வரதட்சிணை கொடுப்பதும் வாங்குவதும் கேட்பதும் தனியாகவே தடை. மொய்ப்பண ஏடு எழுதுகிற ஊரில் இதற்கு ஆதாரம் தேடி அலைய வேண்டியதில்லை, அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுக்காரரும் அரசுப் பணியில் இருந்தால் ஒன்று: நீங்கள் உங்கள் சொந்தப் பணத்தில், சீதனத்தில் செய்யும் வாங்கல் விற்றலுக்கு அவர் முன்கூட்டித் தெரிவிக்கும் கட்டாயம் இல்லை.

யார் பார்ப்பார்கள்? இது ஆளைப் பொறுத்தது. ஐஏஎஸ் அதிகாரிகளின் அசையாச் சொத்து அறிக்கைகளை மத்தியப் பணியாளர் துறை இணையத்தில் போடுகிறது, யாரும் பார்க்கலாம். அவர்கள் 2017 முதல் ஸ்பாரோ என்ற தளம் வழியாகத் தாக்கல் செய்கிறார்கள். ஜனவரி 31 முடிந்ததும் அந்த வாசல் தானாக அடைத்துக்கொள்ளும். உங்கள் துறை அதே தளத்தையோ தன் சொந்தத் தளத்தையோ பயன்படுத்தலாம். உங்களைப் போன்றவர்களின் அறிக்கையைப் பொதுவாக மேலதிகாரி, நிர்வாகப் பிரிவு, விஜிலன்ஸ் (ஊழல் கண்காணிப்பு) பிரிவு ஆகியோர்தான் பார்ப்பார்கள். பங்காளி ஒருவர் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால்? 2012இல் கிரீஷ் தேஷ்பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம், ஊழியரின் சொத்து விவரம் தனிப்பட்ட தகவல், பெரிய பொதுநலன் இருந்தால் ஒழியக் கொடுக்க வேண்டாம் என்றது.

ஊழல் புகார்களை விசாரிக்கும் அமைப்புக்கான லோக்பால் சட்டம் 2013இல் வந்தபோது, எல்லாப் பொது ஊழியரும் தன் பெயர், துணைவர் பெயர், சார்ந்திருக்கும் பிள்ளைகள் பெயரில் உள்ள சொத்தைக் காட்ட வேண்டும், அது இணையத்திலும் வரும் என்று 44ஆம் பிரிவு சொன்னது. தேதியைத் தள்ளித் தள்ளிவைத்தார்கள். 2016இல் அந்தப் பிரிவையே மாற்றி, ‘விதிக்கப்படும் முறையில்’ என்று பொதுப்படையாக்கிவிட்டார்கள். என் கருத்தில் அது பின்னடைவுதான். ஒரு குமாஸ்தாவின் வீட்டு விவரத்தை ஊருக்கெல்லாம் காட்டுவது தேவையில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதைச் சாக்காக வைத்து மேல்மட்டத்தையும் சேர்த்து மூடியிருக்க வேண்டாம். நீதிபதிகள் விஷயத்தில் எதிர்த்திசையில் நகர்ந்திருக்கிறது: 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே தன் நீதிபதிகளின் சொத்து விவரங்களை இணையத்தில் ஏற்றியது.

தேர்தல் வேட்பாளருக்கு எந்த மறைவும் இல்லை. 2002, 2003 உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளுக்குப் பிறகு சொத்து விவரம் காட்டும் படிவம் 26 பிரமாணப் பத்திரம் கட்டாயம். 2019 முதல் ஐந்து வருட வருமானமும் இந்து கூட்டுக் குடும்பத்தின் கணக்கும் அதில் வர வேண்டும், ஆகவே நம்மூர்ப் பொது வீடு அங்கேயும் வரும். எந்தக் கட்டத்தையும் வெற்றாக விடக் கூடாது என்பது 2013 தீர்ப்பு. வேட்பாளர் தன் ஒவ்வொரு அசையும் பொருளையும் பட்டியலிட வேண்டியதில்லை, பெருமதிப்புள்ளவை போதும் என்பது 2024இன் கரிக்கோ கிரி தீர்ப்பு. தேர்தல் ஆணையத் தளத்தில் தட்டச்சு செய்யலாம், ஆனால் அச்செடுத்து, நோட்டரி முன் கையெழுத்திட்டுக் கையில்தான் கொடுக்க வேண்டும். அதை மறுபடி ஸ்கேன் செய்து படமாக ஏற்றுகிறார்கள். தேடவும் முடியாது, கூட்டவும் முடியாது. ஐஏஎஸ் அறிக்கைகளிலும் கையால் எழுதியதை ஸ்கேன் செய்து ஏற்ற வழி வைத்தார்கள். இதற்கு மின்னணுத் தாக்கல் என்று பெயர் வைப்பது எனக்கு ஒப்பவில்லை. உக்ரைனில் 2016இல் தொடங்கிய பதிவேட்டில் யாரும் பெயர் போட்டுத் தேடலாம். போர் தொடங்கியதும் நிறுத்தினார்கள், 2023இல் மக்கள் கையெழுத்து வாங்கிப் போராடித் திறக்க வைத்தார்கள். அமெரிக்காவில் 2012 சட்டம் எல்லா மேல்மட்ட ஊழியர் அறிக்கையையும் இணையத்தில் போடச் சொன்னது, மறு வருஷமே பெரும் பகுதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். எல்லா ஊரிலும் இந்த இழுபறிதான்.

தவறவிட்டால் என்ன ஆகும்? ஜனவரி 31 தாண்டினால் விஜிலன்ஸ் அனுமதி நின்றுபோகும். அது இல்லாமல் பதவி உயர்வு, அயல்பணி, வெளிநாட்டுப் பயிற்சி எதுவும் நகராது. ஒரு நாள் யாராவது மொட்டைக் கடிதம் போட்டு, வருமானத்துக்கு மேல் சொத்து என்று விசாரணை வந்தால், அதிகாரிகள் முதலில் எடுத்து வைப்பது உங்கள் பழைய அறிக்கைகளைத்தான். பாகம் பிரிந்து நாற்பது லட்சம் கைக்கு வருகிற வருஷத்தில், ‘இது 20 வருஷமாக அறிக்கையில் இருக்கிற வீடு’ என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

கடைசி நாள் வரை வைக்காதீர்கள். அன்றைக்குத் தளம் திணறும், ஆதார் ஓடிபி வராது. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது பட்டா நகல், வீட்டு வரி ரசீது, இருந்தால் வில்லங்கச் சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். திரும்பி வந்த வாரமே தாக்கல் செய்து, மின் கையொப்பம் விழுந்த பிடிஎஃப் ஒப்புகையைத் தரவிறக்கி அலுவலகக் கணினியில் அல்லாமல் உங்கள் சொந்த இடத்தில் வையுங்கள். துறை மாறினால் தளமும் மாறும், பழைய அறிக்கைகள் கூடவே வரும் என்று நம்பியிருக்க முடியாது.